காட்சிப் பெருக்கும் கதை எளிமையும்

கந்தளாய்க் குளக்கட்டின்மேல் நின்று நோக்குவோர்க்கு முதலிற் புலனாவது அகன்ற நீர்ப்பரப்பேயாகும். திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தென்மேற்கே அமைந்த இப்பெருங்குளத்தை, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனோடு வரலாற்றாசிரியர் தொடர்புபடுத்துவர். திருகோணமலைத் தமிழரின் மரபோ அதனைக் குளக்கோட்டனின் திருப்பணியாகக் கொண்டாடுகிறது. கோணேசர் கோயில் வயல்களுக்கு நீர் பாயும் பொருட்டு அம்மன்னன் பூதங்களை ஏவிக் குளத்தைக் கட்டுவித்தான் என்பது கதை. அப்பூதங்களைக் காட்டுதற்குத் திரையும் வேண்டியிருந்ததில்லை, ஒளியும் வேண்டியிருந்ததில்லை. பாட்டி சொன்னாள், பேரன் கேட்டான். கேட்டவனின் உள்ளத்திலே பூதங்கள் மண் சுமந்தன.

கண்ணுக்கு வியப்பூட்டுவது ஒன்று. நெஞ்சுக்குக் கதை கூறுவது மற்றொன்று. இவ்விரண்டும் மனிதன் கலை செய்யத் தொடங்கிய நாள்தொட்டு உடன்பிறந்தார்போல் ஒன்றையொன்று தழுவியும் ஒன்றோடொன்று பிணங்கியும் வந்துள்ளன. திரைப்படமென்னும் புதுக்கலையில் அப்பிணக்கு மிகப் பெரிதாக வளர்ந்தது. கோடிக்கணக்கான பணத்தைக் கொட்டி எடுக்கப்படும் படமே பெரும்படம் என்ற எண்ணம் இன்று எங்கும் பரவியுள்ளது. அவ்வெண்ணம் எங்ஙனம் தோன்றியது, அதற்கு மறுமொழி எங்கிருந்து எழுந்தது என்பவற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் தகும்.

1895 டிசெம்பர் 28 ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குப் படங்காட்டினர். தொழிலாளர் ஆலையை விட்டு வெளியேறுதல், குழந்தைக்கு உணவூட்டுதல் போன்ற அன்றாட நிகழ்ச்சிகளே அவர்கள் காட்டியவை. அக்காட்சியைக் கண்டு வியந்தோருள் மெலியேஸ் என்னும் செப்படிவித்தைக்காரரும் ஒருவர். அவர் 1902 இல் நிலவுலகப் பயணத்தைப் படமாக்கினார். நிலவின் முகத்தில் ஊர்தி பாய்ந்து தைக்கும் அக்காட்சி உலகெங்கும் பேசப்பட்டது. வாழ்வை உள்ளவாறு காட்டல், இல்லாததை உள்ளதுபோற் காட்டல் ஆகிய இரு நெறிகளும் இவ்வாறு பிறப்பிலேயே பிரிந்தன. வித்தை காட்டிய மெலியேஸ் பிற்காலத்திற் பொருளிழந்து, பாரிஸ் புகைவண்டி நிலையமொன்றில் விளையாட்டுப் பொருள் விற்றுப் பிழைத்தார் என்பதும் வரலாறே. வியப்பு விரைவிற் பழையதாகிவிடும். புதுவியப்புக்கு மேலும் பணம் வேண்டும். அன்று தொடங்கிய அந்நியதி இன்றும் மாறவில்லை.

தமிழ் மக்களுக்குக் காட்சியின்பம் புதியதன்று. கிழக்கிலங்கையின் வட்டக்களரியிலே விடியவிடிய ஆடப்பெற்ற வடமோடிக் கூத்தில் மன்னராக வருவோர் மின்னும் முடியும் பரந்த கரப்புடுப்பும் அணிந்து ஆடினர். ஆயினும் அங்கே மலையுமில்லை, மாளிகையுமில்லை. அண்ணாவியாரின் மத்தள ஒலியும் ஆடுவோரின் பாட்டுமே போர்க்களத்தையும் அரசவையையும் படைத்தன. பாரதக் கதையைக் கூட்டத்தினர் முன்னரே அறிவர். அறிந்த கதையைக் கேட்கவே அவர்கள் பாயும் தலையணையுமாக வந்தனர். உடையின் ஒளி கதைக்கு அணியாயிற்றேயன்றிக் கதையின் இடத்தைக் கவர்ந்துகொள்ளவில்லை.

இத்தகைய மக்கட் கூட்டத்தின் முன் 1948 ஏப்பிரலில் வந்து நின்றது 'சந்திரலேகா'. ஆனந்த விகடன் இதழை வளர்த்தெடுத்தவரும் சென்னை ஜெமினி ஸ்டூடியோவின் அதிபருமான எஸ். எஸ். வாசன் அதனைத் தயாரித்து நெறிப்படுத்தினார். படம் உருவான வரலாறு விந்தையானது. 'மங்கம்மா சபதம்' 1943 இல் வெற்றி பெற்றபின், அடுத்த படம் 'சந்திரலேகா' என்று வாசன் விளம்பரஞ் செய்துவிட்டார். பெயர் இருந்தது; கதை இல்லை! ஜெமினியின் கதை இலாகாவினர் பின்னரே கதையைத் தேடத் தொடங்கினர். ரெய்னால்ட்ஸ் எழுதிய பழைய ஆங்கில நாவலொன்றின் ஒரு காட்சி அவர்களுக்குப் பொறியாக அமைந்தது. பணி பாதி நடந்தபின் சர்க்கஸ் காட்சிகளும் வேண்டுமென முடிவாகிக் கதை மீண்டும் திருத்தப்பட்டது. இவ்வாறு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்துக்கு எண்ணிப்பார்க்கவியலாத 30 இலட்சம் ரூபா வரை செலவாயிற்று என்பர். அதே ஆண்டு இறுதியில் இந்தியிலும் வெளிவந்து வடநாட்டையும் அப்படம் வென்றது. சென்னையில் எடுக்கப்படும் படங்களுக்கு இந்தியச் சந்தை முழுவதையும் திறந்துவிட்ட பெருமை அதற்குண்டு.

கதையற்ற பெயரிலிருந்து பிறந்த படம் வெற்றி பெற்றதாயின், காட்சியே போதும் என்று கூறிவிடலாமா? அங்ஙனங் கூறுதல் அவசரமாகும். அப்படத்தின் புகழ்பெற்ற முரசு நடனத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொடிய இளவரசன் சசாங்கனை மணக்க உடன்பட்டவள்போல் நடிக்கும் சந்திரலேகா, திருமணத்தின்போது முரசு நடனம் நிகழ வேண்டுமென விதிக்கிறாள். மாபெரும் முரசுகளின்மேல் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடுகின்றனர். ஆட்டம் முடிந்ததும் முரசுகள் பிளக்கின்றன. உள்ளே மறைந்திருந்த வீரசிம்மனின் படைவீரர் வாளேந்திப் பாய்கின்றனர். முரசு கண்ணுக்கு விருந்தாக இருந்த அதே வேளையில் கதையின் மறைபொருளாகவும் இருந்தது. அந்நடனத்தை நீக்கினாற் கதை நின்றுவிடும். கண்டோர் நெஞ்சில் அது நிலைத்தமைக்குக் காரணம் செலவு மட்டுமன்று. அச்செலவு கதைக்குள் இடப்பட்டமையே.

இந்நுட்பத்தைப் பின்வந்தோர் பலர் உணர்ந்தாரல்லர். முரசைக் கண்டனர், முரசுக்குள் இருந்தவரை மறந்தனர். பெரிய அரங்கமும் பெருங்கூட்டமும் நீண்ட வாட்போரும் இருந்தால் வெற்றி உறுதியென நம்பினர்.

அதே 1948 ஆம் ஆண்டில், போரினால் நலிந்த இத்தாலி நாட்டில், விட்டோரியோ டி சிகா 'சைக்கிள் திருடர்' என்னும் படத்தை வெளியிட்டார். நீண்டநாள் வேலையற்றிருந்த ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறான். முதல்நாளே அது களவு போகிறது. தந்தையும் சிறுமகனும் ரோமாபுரித் தெருக்களில் அதனைத் தேடியலைகின்றனர். இவ்வளவே கதை. தந்தையாக நடித்தவர் ஓர் ஆலைத் தொழிலாளி. நடிப்பைத் தொழிலாகக் கொண்டவரல்லர். சைக்கிள் களவு போகும் வேளையில் அவன் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது பெயர்பெற்ற ஹொலிவூட் நடிகையொருத்தியின் படச் சுவரொட்டியாகும். ஒருபுறம் சுவரிலே மின்னும் காட்சியுலகம். மறுபுறம் அதனை ஒட்டுபவனின் வயிற்றுப்பாடு. இரு நெறிகளின் பிணக்கும் அந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது.

கல்கத்தாவில் விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராயிருந்த சத்யஜித் ராய் 1950 இல் இலண்டன் சென்றபோது இப்படத்தைக் கண்டார். தாமும் இவ்வாறே படமெடுக்க வேண்டுமென உறுதிபூண்டு தாயகம் திரும்பினார். விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய 'பதேர் பாஞ்சாலி' நாவலைத் தெரிந்தெடுத்தார். 1952 ஒக்டோபரில், நாணற்பூ மலர்ந்த வெளியொன்றில் முதற் படப்பிடிப்பு நிகழ்ந்தது. மறுவாரம் மீண்டும் சென்றபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அக்காட்சியை முடிக்க அடுத்த பூக்காலம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ரா அதற்குமுன் படமெதனையும் எடுத்தவரல்லர். பணமின்றி மனைவியின் நகைகள் அடகுக்குச் சென்றன. இறுதியில் மேற்கு வங்க அரசாங்கம் உதவிற்று. 1955 இல் வெளிவந்த அப்படம் மறு ஆண்டு கான் திரைப்பட விழாவிற் பரிசு பெற்றது.

அப்படத்தின் மிகச் சிறந்த காட்சி யாது? அக்காளும் தம்பியும் நாணற்காட்டினூடே ஓடிப் புகைவண்டியைக் காண்கின்றனர். வண்டி கடந்து செல்கிறது. கரும்புகை வெண்பூவின்மேற் படர்கிறது. புகைவண்டி வருதலை லூமியேர் உடன்பிறந்தாரும் அரை நூற்றாண்டுக்கு முன்னரே காட்டியிருந்தனர். ஆயின் இங்கே வண்டியைக் காண்பவர், அதிற் செல்லும் வாய்ப்பற்ற ஏழைப் பிள்ளைகள். அவர்களுடைய கண்வழியாகக் காண்போர்க்கு அவ்வண்டி பெருங்காட்சியாகிறது. எளிய படத்திற் காட்சியில்லை என்பார் இதனை நோக்குவாராக.

இவ்விரு நெறியினரும் நேருக்குநேர் சந்தித்த ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 'பதேர் பாஞ்சாலி' கல்கத்தாவின் பசுஸ்ரீ அரங்கில் ஆறு கிழமைகள் ஓடிற்று. கூட்டம் குறையாதிருக்கவும் அதனை எடுக்கவேண்டி வந்தது; ஏனெனில் அவ்வரங்கு முன்னரே வேறொரு படத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வேறு படம் எஸ். எஸ். வாசனின் 'இன்சானியத்' என்னும் இந்திப் படம். புகழ்பெற்ற இரு கதாநாயகர்களோடு அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட மனிதக் குரங்கொன்றும் நடித்த ஆடம்பரப் படம் அது. வாசன் ராயின் இல்லந் தேடிச் சென்றார். தம் படத்துக்காக எடுக்கப்பட்டது அத்தகைய படமென முன்னரே அறிந்திருந்தால், தம் படத்தின் வெளியீட்டைத் தள்ளிவைத்திருப்பதாகக் கூறி, ராய் பெரும்படமொன்றைச் செய்துள்ளார் எனப் பாராட்டினார். ராய் தம் நினைவுகளில் இதனைப் பதிந்துள்ளார். காட்சிப் பெருக்கின் மன்னர் எனப் போற்றப்பட்டவருக்குக் கதையின் அருமை தெரிந்திருந்தது. தெரியாமற் போனது அவரைப் பின்பற்றியவர்க்கே.

தமிழகத்திலும் மாற்றுவழி தேடியோர் இருந்தனர். எஸ். பாலசந்தர் நெறிப்படுத்திய 'அந்த நாள்' 1954 இற் பாட்டும் நடனமுமின்றி வெளிவந்தது. ஒரு கொலை, அதுபற்றிப் பலர் கூறும் பல கதைகள், அவ்வளவே. பாட்டை எதிர்பார்த்து வந்த கூட்டம் அன்று ஏமாற்றமடைந்தது. இன்று தமிழ்ப்பட வரலாறு எழுதுவோர் அதனை விடுத்துச் செல்வதில்லை. ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே படமாக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' 1965 இல் தேசிய விருது பெற்றும் அரங்குகளிற் போதிய இடம் பெறவில்லை. எளிய கதையின் துன்பம் மக்கள் வெறுத்தமையாற் பிறந்ததென்பதற்கில்லை. மக்களிடம் சென்று சேர வழியின்மையாலும் பிறந்தது.

இனி இலங்கையை நோக்கலாம். முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' 1947 இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படமெடுத்த இடம் மதுரை. அதன்பின் வந்த சிங்களப் படங்களும் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களிலே, தென்னிந்திய அச்சிலே வார்க்கப்பட்டன. அரசாங்கத் திரைப்படப் பிரிவிலிருந்து விலகிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் டி சில்வா ஆகியோரைத் துணைக்கொண்டு ஸ்டூடியோவைத் துறந்து கிராமத்து வெளிக்குச் சென்றார். 1956 டிசெம்பரில் 'ரேகாவ' வெளிவந்தது. மறு ஆண்டு கான் விழாவில் இலங்கையின் பெயர் ஒலித்தது. ஆயினும் உள்நாட்டில் அப்படம் பொருள் ஈட்டவில்லை.

பீரிஸ் மனந்தளர்ந்தாரல்லர், பிடிவாதமும் கொண்டாரல்லர். 1960 இல் தமிழ்த் தொழிலதிபரான கே. குணரத்தினத்துக்காகப் போர்த்துக்கேயர் காலத்துக் கதையான 'சந்தேசய' என்னும் பெரும்படத்தை எடுத்து வெற்றி கண்டார். பின்னர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி 1963 இல் 'கம்பெரலிய' என்னும் அமைதியான குடும்பக் கதையைப் படமாக்கினார். அது 1965 இல் தில்லித் திரைப்பட விழாவில் தங்கமயில் விருதை வென்றது. ஒரே நெறியாளர் இரு வழியிலும் நடந்து காட்டினார். எனினும் உலகம் அவரை நினைவுகூர்வது 'கம்பெரலிய'வைக் கொண்டே.

இலங்கைத் தமிழரின் படமுயற்சி இதனினும் கடினமான பாதையிற் சென்றது. 1962 இல் 16 மில்லிமீற்றர் சுருளில் 'சமுதாயம்' வந்தது. 1963 இல் 'தோட்டக்காரி' வந்தது. அதே அரங்கில், அதே கட்டணத்தில், சென்னையின் ஆடம்பரப் படங்களையும் மக்கள் கண்டனர். ஒப்பிட்டனர், குறைகண்டனர். சிறு முதலோடு இறங்கியவர் பெருமுதலின் ஆட்டத்தை ஆடமுயலின் தோல்வி திண்ணம். தம் மண்ணின் கதையைத் தம் பேச்சிற் கூறுவதே அவர்க்குரிய வழி. 1972 இன் 'குத்துவிளக்கு', 1977 இன் 'பொன்மணி', செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978 இல் உருவான 'வாடைக்காற்று' ஆகியன அவ்வழியைத் தேடின. 'பொன்மணி'யை நெறிப்படுத்திய தர்மசேன பத்திராஜா சிங்களவர். எழுதியவர் காவலூர் இராசதுரை. யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் துயரை அடங்கிய குரலிற் சொன்ன அப்படத்துக்கு அன்று கூட்டம் வரவில்லை.

கூட்டம் வந்த படமும் ஒன்றுண்டு. அது 1976 இல் வெளிவந்த 'கோமாளிகள்'. எஸ். ராம்தாஸ் எழுதி இலங்கை வானொலியில் ஒலித்த நகைச்சுவைத் தொடரே படமாயிற்று. வானொலிக்குக் காட்சியென்பதே இல்லை. குரல் ஒன்றே அதன் மேடை. அதுவே அதன் உடை. அதுவே அதன் விளக்கு. குரலாலேயே மக்களுக்கு உறவினராகிவிட்ட பாத்திரங்களைக் காணவே கூட்டம் அரங்குக்கு வந்தது. பொருள்வலியற்றோர்க்கு இதனிற் சிறந்த பாடமில்லை. கதையும் பாத்திரமும் நெஞ்சில் இடம்பெற்றபின் காட்சி எளிதாயினும் மக்கள் பொறுத்துக்கொள்வர்.

இம்முயற்சி வளர்ந்து வேரூன்றுமுன் 1983 யூலை வன்செயல் வந்தது. ஹெந்தளையிலிருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது, படச்சுருள்கள் சாம்பராயின. பின்னர் வந்த போர்க்காலம் படமெடுக்கும் காலமாயிருக்கவில்லை. கதை கூற வேண்டியவை மிகுந்திருந்த காலத்திற் கூறும் கருவி கைநழுவிப் போயிற்று.

இன்று கணினி வந்துள்ளது. நூற்றுக்கணக்கான ஆடற்பெண்களைத் திரட்ட வேண்டியதில்லை. பத்துப் பேரைப் பதினாயிரவராக்கலாம். 2015 யூலையில் வெளிவந்த 'பாகுபலி' இந்நுட்பத்தின் வலியை இந்தியாவெங்கும் காட்டிற்று. ஆயினும் அம்முதற் பாகம் முடிந்து 2017 இல் இரண்டாம் பாகம் வரும்வரை மக்கள் வாயில் உலவியது அருவியோ கோட்டையோ அன்று. கட்டப்பன் பாகுபலியைக் கொன்றது ஏன் என்னும் வினாவே உலவியது. அது முற்றிலும் கதையின் வினா. பாட்டி கதையைப் பாதியில் நிறுத்தி, மிகுதி நாளைக்கு என்று கூறும் அதே பழைய உத்தி. அதே ஆண்டு யூனில் வெளிவந்த மணிகண்டனின் 'காக்கா முட்டை', பீட்சா உண்ண விரும்பிய இரு சேரிச் சிறுவரின் கதையாகும். கோட்டையும் படையுமில்லாத அப்படத்தையும் மக்கள் விரும்பிக் கண்டனர்.

2025 மே மாதத்தில் வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுப் படகேறிச் சென்ற தமிழ்க் குடும்பமொன்று சென்னையில் அயலாரின் அன்பைப் பெறுவதே அதன் கதை. புதிய இளம் நெறியாளர் ஒருவர் சிறுமுதலில் எடுத்த அப்படம் பெருவெற்றி கண்டது. மகிழத்தக்க செய்திதான். ஆயின் அம்மகிழ்ச்சியினூடே ஒரு வினாவும் எழுகிறது. இலங்கைத் தமிழரின் கதையைத் தமிழகத்தார் சொல்ல உலகம் கேட்கிறது. அக்கதைக்குரியோர் தாமே சொல்லுதற்குத் தடையாக நிற்பது யாது? பணமென்று பலர் கூறுவர். பணம் ஒரு தடையே, மறுப்பதற்கில்லை. எனினும் பெருங்காட்சி இல்லாதது படமன்று என்ற அச்சம் அதனினும் பெரிய தடை. வரலாறு அவ்வச்சத்துக்கு இடந்தரவில்லை.

கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்பிரல் 20 ஆம் நாள் உடைந்தது. உறங்கிக்கிடந்த ஊர்களுள் வெள்ளம் புகுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. பின்னர் கட்டு மீண்டும் எழுப்பப்பட்டது. அவ்விரவை நாளை ஒருவர் படமாக்க முன்வரலாம். பொருள் மிகுந்தவராயின் கணினியின் துணையாற் குளத்தையே திரையில் உடைத்துக் காட்டலாம்; கண்டோர் ஒரு கணம் அஞ்சுவர். பொருளற்றவராயின் ஒரு வீட்டை மட்டும் காட்டலாம். விளக்கணைத்துப் படுத்த குடும்பம், தொலைவில் எழும் இரைச்சல், இருளிலே பிள்ளையின் கையைத் தேடும் தாயின் கை. அதற்குச் செலவாவது ஒரு விளக்கும் ஒரு பாயுமே. நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதை முதற்படம் காட்டும். அந்நீரில் யாருக்கு எது போயிற்று என்பதை இரண்டாவது படமே சொல்லும்.